வீட்டில் கிளி, வெளியில் சிலை



பிறர் தம் குறைகளைச் சொல்லக் கேட்பது இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக என் பணி. இம்மாதம் முறை மாறுகிறது. என் குறை ஒன்றை உங்கள் முன் சொல்லி, அதனால் நான் கற்ற பாடத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் எங்கள் பங்கில் மறைக்கல்வி வகுப்புகளின் தொடக்க விழா நடைபெற்றது. ஆலயத்தை அடுத்த மண்டபம் நிறையப் பெற்றோர்கள். சிறுவர் சிறுமியர் ஒவ்வொருவராக மேடையேறி, தாம் கற்ற செபத்தை ஒப்பித்து, என் கையால் ஒரு செபமாலையும் மிட்டாயும் பெற்றுச் சென்றனர். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் முறை வந்தது. மங்கள வார்த்தை செபத்தைச் சொல்லும்படி கேட்டேன். அவள் பேசவில்லை. "பயப்படாதே அம்மா, சொல்" என்றேன். பேசவில்லை. செபமாலையைக் காட்டி ஆசையூட்டினேன். ஒலிவாங்கியை அவள் வாயருகே பிடித்தேன். "வாயில் என்ன கொழுக்கட்டையா?" என்று நான் கேட்க, மண்டபமே சிரித்தது. அச்சிரிப்பு எனக்கு ஊக்கமளித்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். "சொன்னால்தான் இறங்கவிடுவேன்" என்றேன். அவள் கண்கள் விரிந்தபடியே இருந்தன. கைகள் மரக்கட்டைபோல் விறைத்து நின்றன. சற்று நேரத்தில் அவள் நின்ற இடம் நனைந்தது. தாய் ஓடிவந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அக்குடும்பத்தைத் திருப்பலியில் காணவில்லை. மூன்றாம் வாரம் நானே அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். சிறுமி என்னைக் கண்டதும் உள்ளறைக்குள் ஓடி மறைந்தாள். தாய் என்மீது ஒரு குறையும் சொல்லவில்லை. தன் கைபேசியை எடுத்து ஒரு காட்சியை மட்டும் காட்டினாள். அதில் அச்சிறுமி துண்டொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, முக்காலியைப் பீடமாக்கி, தன் தம்பிக்குப் பூசை வைத்துக்கொண்டிருந்தாள். பிரசங்கமும் நடந்தது. இடையிடையே தொண்டையைக் கனைத்துக்கொள்வதும், "ஆகவே அன்பார்ந்தவர்களே" என்று கையை உயர்த்துவதும் அப்படியே நான்! பேச்சுக்கு நடுவே அசைந்த தம்பியை, நான் கோயிலில் பிள்ளைகளை அதட்டுவது போலவே அதட்டினாள். இறுதியில் மங்கள வார்த்தை செபத்தையும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"வீட்டில் இவள் கிளிதான், சாமி. வாய் ஓயாது. வாசற்படியைத் தாண்டினால் சிலையாகிவிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்து ஓராண்டு ஆயிற்று. இவள் குரல் எப்படியிருக்கும் என்பதே ஆசிரியைக்குத் தெரியாது" என்றாள் தாய்.

அக்குழந்தைக்கு அதற்குள் எத்தனையோ பட்டங்கள் கிடைத்திருந்தன. 'அழுத்தக்காரி' என்றாள் பாட்டி. 'திமிர்' என்றார் பெரியப்பா. 'ஊமைக் குசும்பு' என்றனர் அண்டை வீட்டார். வசம்பை உரைத்து நாவில் தடவியிருந்தார்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள் தந்தை பொறுமையிழந்து அடித்தும் இருந்தார். எதற்கும் பயனில்லை. நானோ ஊரார் நடுவில் நிறுத்திச் சிரிக்க வைத்தேன். அதற்கும் பயனில்லை என்று சொல்லக்கூடாது. பயன் இருந்தது. அவள் கோயிலுக்கு வருவதே நின்றுபோயிற்று.

பெயர் மாறிய வரலாறு

அதன்பின் எனக்குத் தெரிந்த குழந்தை மருத்துவர் ஒருவரை அணுகினேன். அவர் சொல்லியும், நானே தேடிப் படித்தும் அறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

இவ்வாறு வீட்டில் தடையின்றிப் பேசும் குழந்தை, பள்ளி போன்ற குறிப்பிட்ட இடங்களிலோ குறிப்பிட்ட மனிதர் முன்னிலையிலோ தொடர்ந்து பேச இயலாதிருப்பது மருத்துவ உலகம் நன்கறிந்த ஒரு நிலையாகும். 1877ஆம் ஆண்டிலேயே அடால்ஃப் குஸ்மவுல் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இதனைப் பற்றி எழுதினார். 'தானாக விரும்பிப் பேசாதிருத்தல்' என்னும் பொருள்படும் பெயரை அவர் இட்டார். 1934இல் மோரிட்ஸ் டிராமர் என்னும் சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் 'எலெக்டிவ் மியூட்டிசம்' என்றார். அதாவது, குழந்தை மௌனத்தைத் தேர்ந்துகொள்கிறது என்பது கருத்து. இரு பெயர்களிலும் குற்றம் குழந்தையின்மீதே விழுந்தது. பேச முடியும், ஆனால் பேச மனமில்லை என்பதே அன்றைய எண்ணம்.

1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இப்பெயரை 'செலக்டிவ் மியூட்டிசம்' என்று மாற்றியது. குழந்தை தேர்ந்துகொள்கிறது என்னும் பொருள் நீங்கி, சில சூழல்களில் மட்டும் பேச்சு வருவதில்லை என்னும் பொருள் வந்தது. 2013இல் அதே சங்கம் இந்நிலையை அச்சம், பதற்றம் சார்ந்த கோளாறுகளின் வரிசையில் சேர்த்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் பட்டியலும் அவ்வாறே வகுத்துள்ளது. கற்றோருக்கே இக்குழந்தைகள்மீது சுமத்திய பழியை நீக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டது. பாட்டியையும் பெரியப்பாவையும் நாம் அதிகம் குறைகூற இயலாது. ஆனால் இன்று அறிந்தபின்னும் பழைய பட்டங்களையே சூட்டுவோமாயின், அதற்கு மன்னிப்பில்லை.

இது நூற்றுக்கு ஒரு குழந்தைக்கும் குறைவாகவே காணப்படுகிறது. ஆயினும் பல நூறு பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் இத்தகைய குழந்தை ஒன்றிரண்டு இருத்தல் கூடும். பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வீட்டில் நன்றாகப் பேசுவதால் பெற்றோர் ஐயுறுவதில்லை. பள்ளியில் சேர்த்த பின்னரே வெளிப்படுகிறது. அங்கும் தொல்லை கொடுக்காத பிள்ளை என்பதால், 'நல்ல அமைதியான குழந்தை' என்று பாராட்டி விட்டுவிடுவதும் உண்டு. சில குழந்தைகள் தோழியரிடம் மெல்லப் பேசும், ஆசிரியையிடம் பேசாது. சில குழந்தைகள் தலையசைக்கும். சிலவற்றுக்குத் தலையசைக்கவும் இயலாது.

புதிதாகப் பள்ளிக்குச் செல்லும் எக்குழந்தையும் முதல் மாதத்தில் மருண்டிருக்கும். அதனைக் கணக்கில் கொள்ளலாகாது. அதற்குப் பின்னரும் ஒரு மாதத்துக்கு மேல் மௌனம் நீடித்து, படிப்பையோ பழகுதலையோ தடுக்குமாயின் கவனிக்க வேண்டும். வீட்டில் தமிழே கேட்டு வளர்ந்த பிள்ளையைத் திடீரென ஆங்கில வழி வகுப்பில் அமர்த்தினால், அம்மொழி பிடிபடும்வரை சில மாதங்கள் வாய் திறவாதிருப்பது இயல்பு. அதனையும் இதனோடு குழப்பலாகாது. தமிழில் பேசும் இடத்திலும் அப்பிள்ளை ஊமையாகிறதா என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். செவித்திறன் குறைவு, பேச்சு வளர்ச்சியில் தாமதம், ஆட்டிசம் ஆகியவை உண்டா என்பதை மருத்துவரே ஆராய்ந்து சொல்லவேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்நிலைக்குப் பெற்றோரின் கொடுமையோ ஏதோவொரு பேரதிர்ச்சியோதான் காரணம் என்று எண்ணுவது பெரும்பாலும் தவறு. கூச்சமும் அச்சமும் மிகுந்த இயல்போடு பிறக்கும் பிள்ளைகளுக்கே இது பெரிதும் நேர்கிறது. ஆனால் எங்கும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென எல்லாரிடமும், வீட்டாரிடமும்கூட, பேச்சை நிறுத்தினால் அது வேறு செய்தி. அப்பிள்ளைக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது என்று கொண்டு, காலம் தாழ்த்தாது விசாரிக்கவேண்டும்.

பூட்டு எவ்வாறு விழுகிறது?

நம்மில் பலர் முதன்முதலாக மேடையில் பேச எழுந்தபோது நா வறண்டு, தொண்டை அடைத்து, மனப்பாடமாக இருந்ததெல்லாம் மறந்து நின்றதுண்டு. எனக்கும் குருமடத்தில் முதற்பிரசங்கத்தன்று அது நேர்ந்தது. அச்சம் உடலைப் பிடித்துக்கொள்ளும்போது குரல் நம் வசத்தில் இருப்பதில்லை. நமக்கு வாழ்வில் ஓரிரு நாள் நேர்ந்த அந்நிலை, இக்குழந்தைக்குப் பள்ளி வாசலில் நாள்தோறும் நேர்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இப்பூட்டு நாளடைவில் இறுகும் வகையையும் மருத்துவர் விளக்கினார். விருந்தினர் ஒருவர், "உன் பெயர் என்ன?" என்று குழந்தையைக் கேட்கிறார். குழந்தை அஞ்சி விழிக்கிறது. எல்லாரும் அதன் வாயையே பார்க்கின்றனர். தாய்க்குப் பொறுக்கவில்லை, தானே பெயரைச் சொல்லிவிடுகிறாள். குழந்தையின் நெஞ்சிலிருந்து பாரம் இறங்குகிறது. பேசாதிருந்தால் அச்சம் நீங்கும் என்று அதன் உள்ளம் கற்றுக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால், 'இவள் பேசாதவள்' என்பதே அதன் அடையாளமாகிவிடும். பிறகு ஒருநாள் பேச விரும்பினாலும், 'ஐயோ, பேசிவிட்டாளே!' என்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்னும் அச்சமே தடையாகும்.

எனவே நாம் செய்யும் தவறுகள் இரண்டு. வற்புறுத்துவது ஒன்று; அது அச்சத்தைப் பெருக்கும். எப்போதும் குழந்தைக்காகத் தாமே பேசிவிடுவது மற்றொன்று. அது மௌனத்தை வேரூன்றச் செய்யும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு.

செய்யத்தக்கவை

முதலாவது, கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். "என்ன வரைகிறாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "நீலத்தில் படகு வரைகிறாய் போலும்" என்று அருகில் அமர்ந்து சொல்லுங்கள். மறுமொழி எதிர்பார்க்கப்படவில்லை என்று கண்டபின்னரே குழந்தையின் உடல் தளரும்.

இரண்டாவது, கேள்வி கேட்டே ஆகவேண்டுமாயின், "உனக்கு இட்லியா, தோசையா?" என்று ஒரே சொல்லில் விடை கூறத்தக்கதாகக் கேளுங்கள். கேட்டபின் மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். நம் வீடுகளில் அந்த ஐந்து நொடியை யாரும் குழந்தைக்குக் கொடுப்பதில்லை. விடை வாராவிடில் முகம் சுளிக்காமல் வேறு வேலையைப் பாருங்கள்.

மூன்றாவது, படிப்படியாக நெருங்கும் முறை. இதுவே மருத்துவர்கள் பெரிதும் கையாளுவது. பள்ளி விட்டபின், வெறுமையான வகுப்பறையில் தாயும் குழந்தையும் மட்டும் அமர்ந்து விளையாடவேண்டும். குழந்தை அவ்விடத்தில் தாயோடு பேசப் பழகியபின், ஆசிரியை தாழ்வாரத்தில் நடந்து செல்லலாம். இன்னொரு நாள் கதவருகே நின்று தம் வேலையைப் பார்க்கலாம். பின்னொரு நாள் அறைக்குள் ஓரமாக அமரலாம். இறுதியில் விளையாட்டில் சேரலாம். தாய் மெல்ல விலகலாம். குழந்தை பதறினால் ஒரு படி பின்வாங்குவதில் இழுக்கில்லை. நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்கினாலும் போதும். விட்டுவிட்டுச் செய்தால் பயனில்லை.

நான்காவது, குழந்தை முதன்முறை பேசியதும் கைதட்டி ஆரவாரம் செய்யாதீர்கள். இயல்பாகப் பேச்சைத் தொடருங்கள். பாராட்டைத் தனிமையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இக்குழந்தைகள் வகுப்பில் அடிபட்டாலும் சொல்லமாட்டா. சிறுநீர் கழிக்கச் செல்லவும் கேட்கமாட்டா. மாலைவரை அடக்கிக்கொண்டு, தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கும் பிள்ளைகளும் உண்டு. மேசைமீது ஒரு வண்ண அட்டையை வைத்து, அதை எடுத்துக் காட்டினால் வெளியே சென்றுவரலாம் என்று ஏற்பாடு செய்வது எளிது. வருகைப் பதிவின்போது கையுயர்த்தினால் போதும் என்று விடலாம். பாட்டையும் வாசிப்பையும் பெற்றோர் வீட்டில் பதிவு செய்து அனுப்பக் கேட்டு மதிப்பெண் இடலாம்.

தானாகச் சரியாகிவிடும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திராதீர்கள். இளவயதில் கவனித்தால் எளிதில் தேறும். 2013இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலத் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே ஆராயும் மையங்கள் அமைந்துள்ளன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் உள்ளன. 2022 முதல் இயங்கிவரும் 'டெலி மானஸ்' தொலைபேசி எண்ணாகிய 14416இல் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். மனநல மருத்துவர் என்றதும் அஞ்சவேண்டா. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது போன்றதே இது.

ஆலயத்தில்

இனி நம் ஆலயத்துக்கு வருகிறேன். செபங்களை உரக்க ஒப்பித்தால்தான் புதுநன்மை என்று நம்மில் சிலர் பிள்ளைகளை அச்சுறுத்துவதுண்டு. திருச்சபைச் சட்டம் குழந்தையிடம் வயதுக்கேற்ற அறிவையும், தகுந்த தயாரிப்பையும், பக்தியையும் எதிர்பார்க்கிறது. மேடையில் ஒப்பிக்கும்படி எங்கும் கேட்கவில்லை. வாய்பேச இயலாதோர் சைகையாலோ எழுத்தாலோ பாவசங்கீர்த்தனம் செய்வதைத் திருச்சபை நெடுங்காலமாக ஏற்று வந்துள்ளது. திருமண ஒப்புதலையே சொல்லால் வெளியிட இயலாதவர், அதற்கு ஈடான அடையாளங்களால் வெளியிடலாம் என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 1104ஆம் எண் கூறுகிறது. வாழ்நாள் முழுவதையும் பிணைக்கும் ஒப்புதலுக்கே அடையாளம் போதுமெனில், ஆறு வயதுச் சிறுமியிடம் நான் ஏன் ஒலிவாங்கியை நீட்டினேன்?

மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில், காது கேளாது திக்கிப் பேசும் ஒருவனை ஆண்டவரிடம் கொண்டுவருகின்றனர். அவர் முதலில் செய்ததை நினைத்துப் பாருங்கள். கூட்டத்தைவிட்டு அவனைத் தனியே அழைத்துச் சென்றார். எத்தனையோ முறை இப்பகுதியை வாசித்துப் பிரசங்கம் செய்திருக்கிறேன். விரலையும் உமிழ்நீரையும் பற்றி விளக்கியிருக்கிறேன். கூட்டத்தைவிட்டு என்னும் சொல்லை அன்றுவரை நான் கவனித்ததில்லை. அம்மனிதனின் குறை வேறு, நம் குழந்தையின் நிலை வேறு. ஆயினும் வேடிக்கை பார்ப்போரின் கண்களை அகற்றுவதே முதல் உதவி என்பது இருவருக்கும் பொருந்தும்.

நாங்களும் அவ்வழியே தொடங்கினோம். மறைக்கல்வி நடத்தும் அருட்சகோதரி, ஆலயத்தில் எவரும் இல்லாத மாலை வேளையில் தாயையும் மகளையும் வரச்சொன்னார். முதலில் தொலைவில் பூச்சாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பல வாரங்களுக்குப் பின்னர், பூக்களைப் பிரித்துக் கொடுக்கச் சிறுமியை அருகில் அமர்த்திக்கொண்டார். அக்டோபரில் அவரிடம் முதற்சொல் மெல்லிய குரலில் வந்தது. பள்ளியிலும் ஆசிரியை அதே முறையை மேற்கொண்டார். நான் மட்டும் அவள் கண்ணில் படாது ஒதுங்கியிருந்தேன். அவள் அச்சத்துக்கு முதற்காரணம் நானல்லவா?

திருவருகைக் காலம் வந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, மறுநாளுக்காக மெழுகுவர்த்திகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். அவர்கள் மூவரும் பக்கத்துப் பீடத்தருகே இருந்தனர். "நாளைக்கு இரண்டாம் ஞாயிறு, இரண்டு திரி" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வயது ஐம்பதைத் தாண்டினால் வாரங்கள் தப்பிவிடுகின்றன. என் முதுகுக்குப் பின்னாலிருந்து, "மூணு" என்று ஒரு சிறு குரல் கேட்டது.

திரும்பிப் பார்க்கவேண்டும் என்று என் கழுத்து துடித்தது. திரும்பவில்லை. "ஆமாம், மூன்று" என்று சொல்லி, மூன்றாவது மெழுகுவர்த்தியின் திரியையும் நிமிர்த்திவிட்டு, சக்கிறீஸ்துக்குள் போனேன். அங்கே சற்று நேரம் அமர்ந்திருக்க வேண்டியதாயிற்று.

அவள் முற்றிலும் தேறிவிட்டாள் என்று எழுதமாட்டேன். இன்றும் திருவிழாக் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. புதியவர்கள் வந்தால் தாயின் சேலையைப் பிடித்துக்கொள்கிறாள். ஆனால் பள்ளியில் இரு தோழியரோடு பேசுகிறாள். ஆசிரியையின் மேசையருகே நின்று பாடம் வாசிக்கிறாள். என்னிடம் தேவையெனில் ஒன்றிரண்டு சொற்கள். அன்று அவளிடம் மன்னிப்புக் கேட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. இவ்வாண்டுத் தொடக்க விழாவில் ஒப்பிக்கும் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் அனைவருக்கும் செபமாலையை அவரவர் இடத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அன்பர்களே, உங்கள் உறவினர் வீட்டிலோ, தெருவிலோ, கோயில் முற்றத்திலோ இத்தகைய குழந்தை ஒன்று உங்கள் முன் நிற்கலாம். பெயரைக் கேட்பீர்கள். அது சொல்லாது. அப்போது சுற்றியிருப்போரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அதன் தாயைக் கடிந்துகொள்ளாதீர்கள். "நல்லது, பிறகு பேசுவோம்" என்று புன்னகையோடு சொல்லி நகருங்கள். அந்தப் 'பிறகு' வரும்வரை பொறுத்திருக்க இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவாராக.